மூட்டை கட்டுமுன் பத்து வெள்ளிக்கிழமை

வளைகுடா நாடுகளில் குடும்பம் நடத்துகிற சகோதரிகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். எத்தனை வருஷம் இருந்தாலும் அங்கே நாம் விசாவில் இருக்கிறவர்கள். வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வேலை முடிந்ததென்றால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் கடைசி நாட்களில், அட்டைப் பெட்டியும் கயிறுமாக வீடு கிடக்கிற அமளியில், இருந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க முடியுமா, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று குவைத்திலிருந்தும் தோஹாவிலிருந்தும் இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். குவைத்தையும் தோஹாவையும் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. நாங்கள் 2024 மே மாதம் மஸ்கட்டை முடித்துக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தவர்கள். ஓமன் நாட்டை நாங்கள் பத்து வெள்ளிக்கிழமைகளில் எப்படிப் பார்த்தோம் என்பதை எழுதுகிறேன். உங்கள் ஊருக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

“பதினெட்டு வருஷம் இருந்துவிட்டுக் கடைசியில்தானா பார்த்தீர்கள்?” என்று நம் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். 2006-ல் கல்யாணமாகிப் போனேன். இவருக்குக் கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. வாரத்தில் ஆறு நாள் வேலை, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. அந்த ஒரு நாளில் ரூவி போய் வாரத்துக்கான காய்கறி வாங்கணும், மூட்டைத் துணி துவைக்கணும், மனுஷர் கொஞ்சம் தூங்கணும். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை வெளியே தலை காட்ட முடியாத வெயில், நாற்பத்தைந்து டிகிரிக்குப் போகும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுவதும் அப்போதுதான். லீவு விட்டால் ஊருக்கு டிக்கெட். ஊரில் வீட்டுக் கடன், நாத்தனார் கல்யாணம், மாமனாருக்குக் கண் ஆபரேஷன். ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா என்று அந்த ஊர்க் கணக்கு. அந்த ஆயிரத்தையும் தனித்தனியாக எண்ணித்தான் செலவழித்தோம். இதில் சுற்றுலா எங்கே வரும்?

2024 மார்ச் நடுவில் இவர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மே மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. பெரியவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது, அந்த மட்டில் நல்லதாகப் போயிற்று. இவர் காலண்டரை எடுத்துவைத்து எண்ணினார், பத்து வெள்ளிக்கிழமை. பிறகு ஒரு நோட்டில், ஸ்டோர் ரிஜிஸ்டர் எழுதுகிற மாதிரியே வரிசை எண் போட்டு, இருபத்திரண்டு இடங்களை எழுதிவிட்டார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், பெட்ரோல் எவ்வளவு என்று எல்லாம் பக்கத்தில் கட்டம் கட்டி இருந்தது. “என்னங்க, பார்க்கப் போறோமா, சரக்கு இறக்கப் போறோமா?” என்று கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு இடம், அதற்கு மேல் என்னால் ஆகாது என்றும் சொல்லிவிட்டேன். நாற்பதைத் தாண்டிய பிறகு முழங்கால் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதையும் கூட அழைத்துக்கொண்டுதானே போகணும்!

பெரியவள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். ராத்திரி சாப்பிடும்போது, “எனக்கு எங்கேயும் போக வேண்டாம்” என்றாள்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பார்த்துக்கலாம்னுதானே சொல்றேன்” என்றார்.

“நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போறீங்கப்பா. நான் ஊரை விட்டுப் போறேன்” என்றாள்.

எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். 2008-ல் மஸ்கட்டில் பிறந்தவள். திருநெல்வேலி அவளுக்கு வருஷத்தில் ஒரு மாதம் கொசுக்கடியோடு இருந்துவிட்டு வருகிற பாட்டி வீடு. அங்கே பிறந்ததால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கிறதா என்றால், அதுவும் கிடையாது. அப்பா விசா ரத்தானால் அவள் விசாவும் ரத்து. இனிமேல் அந்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு டூரிஸ்டாக விசா எடுத்துக்கொண்டுதான் வரணும். நாற்பது வயதில் நமக்கு ஊர் திரும்புகிற சந்தோஷம். பதினாறு வயதில் அவளுக்கு அது நாடு கடத்தல் மாதிரி. வளைகுடாவில் பிள்ளை பெற்று வளர்த்த எத்தனை வீட்டில் இந்த விஷயத்தை வாய் விட்டுப் பேசியிருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிகளுக்கு எடை போடுகிறோம். இதற்கு யார் எடை போடுகிறார்கள்?

மறுநாள் இவரே நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, பத்து வரி மட்டும் போட்டு, “ஆளுக்குக் கொஞ்சம் எழுதுங்க” என்றார். சின்னவன் கோட்டையும் ஒட்டகமும் எழுதினான். இவர் நிஸ்வா, ஜபல் அக்தர், சூர் என்று எழுதினார். நான் பெரிய பள்ளிவாசல், சிவன் கோயில், அல்வா கிண்டுகிற இடம் என்று எழுதினேன். (சிரிக்காதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.) பெரியவள் இரண்டு நாள் கழித்து எழுதினாள்: ஆமை, மத்ரா, நான் பிறந்த ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில் என்ன பார்க்க இருக்கிறது என்று இவர் கேட்க வாயெடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன்.

நிஸ்வா மஸ்கட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே வெள்ளிக்கிழமை காலையில்தான் ஆட்டுச் சந்தை. நாங்கள் போனது ஏப்ரல் 5, பெருநாளைக்கு முந்தின வெள்ளி. நல்ல கூட்டம். நம் ஊர்ச் சந்தையில் ஆடு ஒரு இடத்தில் கட்டியிருக்கும், ஆள் சுற்றி வருவான். அங்கே ஆள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறான், ஆடு சுற்றி வருகிறது! விற்கிறவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விலையைக் கூவிக்கொண்டே நடக்கிறான். வேண்டுமென்கிறவர் கையைக் காட்டி நிறுத்தி, பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து வாங்குகிறார். முகத்துக்குத் துணி முகமூடி கட்டிய கிராமத்துப் பெண்கள் நடுவில் புகுந்து ஆண்களோடு சரிக்குச் சரி பேரம் பேசுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் சந்தை கலைந்துவிடும், அதனால் விடியுமுன் கிளம்பணும். நோன்பு மாதமாகையால் பகலில் வெளியிடத்தில் எதுவும் சாப்பிடக் கூடாது. கட்டிக்கொண்டு போன புளியோதரையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்து வந்து மாலை மூன்று மணிக்குத்தான் பிரித்தோம்.

நிஸ்வா கோட்டையின் பெரிய வட்டக் கோபுரம் 17-ம் நூற்றாண்டில், போர்த்துகீசியரை 1650-ல் மஸ்கட்டிலிருந்து விரட்டிய இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது. கட்ட 12 வருஷம் ஆனதாம். ஏறுகிற படி வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு துவாரம். எதிரி கதவை உடைக்க நிற்கும்போது அந்தத் துவாரம் வழியாகக் கொதிக்கிற பேரீச்சம் பாகை ஊற்றுவார்களாம். சின்னவனுக்கு இதைக் கேட்டதும் ஒட்டகம் மறந்து போயிற்று. எனக்குப் பிடித்தது அந்தப் பாகு எடுக்கிற அறை. தரை முழுக்க வரி வரியாகக் கால்வாய் வெட்டியிருக்கிறது. அதன் மேல் பேரீச்சம்பழ மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். மேல் மூட்டையின் கனத்தில் கீழ் மூட்டை நசுங்கி, பாகு தானாக வடிந்து ஓடி ஒரு குழியில் வந்து சேரும். அடுப்பும் இல்லை, செக்கும் இல்லை. கருப்பட்டி காய்ச்சிக் கண் கரிந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்!

அங்கிருந்து பக்கத்திலேயே ஃபலாஜ் தாரிஸ். ஃபலாஜ் என்றால் மலையடியில் ஊறுகிற தண்ணீரைப் பூமிக்கடியில் வாய்க்கால் வெட்டி, மோட்டாரோ ஏற்றமோ இல்லாமல், சரிவை மட்டும் நம்பி ஊருக்குள் கொண்டுவருகிற ஏற்பாடு. ஓமன் முழுக்க இன்னும் ஏறக்குறைய 3,000 ஃபலாஜ் ஓடுகிறது. அவற்றில் ஐந்தை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், தாரிஸ் அதில் ஒன்று. தண்ணீர் ஊருக்குள் வந்ததும் முதலில் குடிக்க எடுக்கிற இடம். அதற்கப்புறம்தான் பள்ளிவாசல், குளிக்கிற இடம், அதிலும் பெண்களுக்குத் தனி மறைப்பு. எல்லாம் தாண்டித்தான் தோட்டத்துக்கு. யாருக்கு எவ்வளவு நேரம் மடை திறக்கிறது என்பதைப் பகலில் ஒரு கம்பின் நிழலைப் பார்த்தும் ராத்திரியில் நட்சத்திரத்தைப் பார்த்தும் கணக்கு வைத்திருந்தார்கள். என் அப்பா தாமிரபரணிக் காலில் முறைத் தண்ணீருக்காக அரிக்கேன் விளக்கோடு விடிய விடிய மடையில் காத்துக் கிடந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். காலை வாய்க்காலில் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் அதைச் சொன்னேன். பெரியவள் முதல் தடவையாகத் தாத்தாவைப் பற்றிக் கேள்வி கேட்டாள்.

ஏப்ரல் 14-ம் தேதியிலிருந்து மழை. ஓமனில் மழை என்றால் நம் ஊர் மாதிரி சந்தோஷப்பட முடியாது. மலையில் மண்ணே கிடையாது, எல்லாம் பாறை. எங்கோ பெய்த மழை காய்ந்து கிடக்கிற காட்டாற்றில் ஒரே நிமிஷத்தில் சுவர் மாதிரி வந்துவிடும். அந்த ஆற்றைத்தான் அங்கே வாடி என்பார்கள். அந்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பல பேர் வெள்ளத்தில் போய்விட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட தாய்மார் யாரும் அன்றைக்கு அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். வாடி ஷாப் என்று ஒரு அழகான பள்ளத்தாக்கு, படகில் ஆற்றைக் கடந்து முக்கால் மணி நேரம் நடந்து போனால் பச்சைத் தண்ணீர்க் குளங்கள். அது எங்கள் பத்தில் ஒன்றாக இருந்தது. அடித்துவிட்டோம். இந்த இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். கடைசித் தடவை, இனி வர முடியாது என்கிற நினைப்பில் எச்சரிக்கையை மீறி எந்த வாடியிலும் இறங்காதீர்கள். 2007 ஜூனில் கோனு புயல் அடித்தபோது எங்கள் தெருவில் கார்கள் தண்ணீரில் மிதந்து போனதை மாடியிலிருந்து பார்த்தவள் நான்.

ஏப்ரல் 26, ஜபல் அக்தர். பச்சை மலை என்று அர்த்தம். சாதாரணக் கார் மேலே போகக் கூடாது. அடிவாரத்தில் போலீஸ் நிறுத்தி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா என்று பார்த்துத்தான் விடுகிறார்கள். பக்கத்து ஃபிளாட் சேச்சி குடும்பமும் நாங்களும் சேர்ந்து ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தோம். கீழே புழுக்கம். மேலே இரண்டாயிரம் மீட்டரில் சால்வை கேட்கிறது. ஏப்ரலில் அங்கே ரோஜா காலம். படிப்படியாக வெட்டிய பாத்திகளில் நம் பன்னீர் ரோஜா மாதிரியே இளஞ்சிவப்பு. வெயில் ஏறுமுன் பறித்து, மண் அடுப்பில் வைத்த பானையில் இதழைப் போட்டு, உள்ளே ஒரு சின்னச் செம்புப் பாத்திரத்தைத் தொங்கவிட்டு, மேலே குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை மூடியாக வைக்கிறார்கள். ஆவி மேலே போய்க் குளிர்ந்து உள்பாத்திரத்தில் சொட்டுகிறது. கிடைப்பது கடையில் வாங்குகிற நிறமில்லாத பன்னீர் அல்ல. பழுப்பு நிறம், லேசான புகை வாசனை. காப்பியிலும் அல்வாவிலும் விடுவார்கள், தலைவலிக்கு நெற்றியிலும் தடவுவார்கள். மூன்று பாட்டில் வாங்கினேன். ஒன்று கார்கோவில் உடைந்து, பெட்டியிலிருந்த பழைய துணியெல்லாம் ஆறு மாதம் மணந்தது.

சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல் 2001-ல் திறந்தது. மற்ற மதத்தவர் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை உள்ளே போகலாம், வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. இவருக்கோ வெள்ளி மட்டும்தான் லீவு. அதனால் ஒரு சனிக்கிழமை நானும் சேச்சியும் பெரியவளும் டாக்சியில் போனோம். தலை, மணிக்கட்டு, கணுக்கால் மூடியிருக்கணும். சுடிதாரும் முழுக்கைச் சட்டையும் பெரிய துப்பட்டாவும் போதும். உள்ளே ஒரே கம்பளம், 21 டன் எடை, 170 கோடி முடிச்சு. ஈரானின் கொராசான் பக்கத்துப் பெண்கள் நாலு வருஷம் நெய்தது. எல்லோரும் மேலே தொங்குகிற பதினாலு மீட்டர் படிக விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேச்சியும் நானும் குனிந்து கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பூப்போட்ட ஸ்வெட்டர் பின்னி முடிக்கவே எனக்கு ஒரு குளிர்காலம் போதாது. வெளியே வந்தால் பெண்களே உட்கார வைத்துக் காவாக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை.

பழைய மஸ்கட்டில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே சிவன் கோயில் இருக்கிறது. மோத்தீஷ்வர் என்று பெயர். நூறு வருஷத்துக்கும் முந்தியது, குஜராத்தி வியாபாரிகள் எழுப்பியது. சிவராத்திரிக்குப் போய்ப் போய்ப் பழகின இடம், அங்கே நின்றதைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது, விட்டுவிடுகிறேன்.

ஆமை பார்க்கப் போனது மே 3. சூர் நகரத்தில் ஒரு சாதாரண அறை எடுத்துக்கொண்டோம். சூர் மரக்கலம் கட்டுகிற ஊர். கரையில் ஃபதஹ் அல் கைர் என்று 1951-ல் அங்கேயே கட்டிய பெரிய மரக்கலத்தை நிறுத்தியிருக்கிறார்கள். தூத்துக்குடித் தோணிகளைப் பார்த்தவர்களுக்கு ஒட்டி உறவாடத் தோன்றும். மஸ்கட்டிலேயே அல் புஸ்தான் அரண்மனை ஹோட்டல் அருகே ரவுண்டானாவில் நிற்கிற ‘சோஹார்’ கப்பலையும் சூரில்தான் கட்டினார்கள். ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த கப்பல். மரம் நம் மலபார்க் கரையிலிருந்து போனது. 1980-ல் மஸ்கட்டில் புறப்பட்டு 1981-ல் சீனாவின் கான்டன் போய்ச் சேர்ந்தது. தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிற நம்மவர்களுக்கு இது தெரியாது, சொல்லிவைக்கிறேன்.

சூரிலிருந்து ராஸ் அல் ஜின்ஸ் முக்கால் மணி நேரம். முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளணும். ராத்திரி ஒன்பது மணிவாக்கில் வழிகாட்டி அழைத்துப் போகிறார். செல்போன் வெளிச்சம் கூடாது, பேச்சு கூடாது, ஆமைக்கு முன்பக்கம் போகக் கூடாது. மணலில் இருட்டில் நடக்கணும், செருப்பைக் கழற்றிவிடுவதே உத்தமம். ஒரு பெரிய பச்சை ஆமை, நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அளவு இருக்கும், பின்னங்காலால் குழி பறித்து முட்டை இட்டுக்கொண்டிருந்தது. பிங்பாங் பந்து மாதிரி ஒவ்வொன்றாக விழுகிறது. ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. அழவில்லை, உடம்பிலுள்ள அதிக உப்பை அப்படித்தான் வெளியேற்றும் என்றார் வழிகாட்டி. ஆனாலும் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த விளக்கம் போதாது! முட்டையை மணலால் மூடிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடுகிறது. இரண்டு மாதத்தில் குஞ்சு தானே வெளியே வந்து கடலைத் தேடிப் போகும். இருபது முப்பது வருஷம் எங்கெங்கோ நீந்தி வளர்ந்து, முட்டையிடுகிற வயது வந்ததும் தான் பொரிந்த கரைப் பக்கமே திரும்பி வரும். பூமியின் காந்த சக்தி இடத்துக்கு இடம் மாறுவதை நினைவில் வைத்திருந்து வழி கண்டுபிடிக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

பெரியவள் மெதுவாக ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டாள், “இதுக்கு விசா வேண்டாமா?” என்று. அந்த ஓமானியர் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. அறைக்குத் திரும்பும்வரை வண்டியில் யாரும் பேசவில்லை. அறைக்கு வந்த பிறகு இவர் அவளுக்குக் கால் மணலைத் தட்டிவிட்டு, “படிச்சு வேலைக்கு வா தாயி. உன் பேர்லயே விசா அடிப்பாங்க” என்றார். சின்னப் பிள்ளையில் தட்டிவிட்டது மாதிரியே தட்டினார்.

மத்ரா அவள் எழுதிய இடம். கடற்கரைச் சாலை, ஒருபக்கம் துறைமுகம், மறுபக்கம் வரண்ட மலையில் காவல் கோபுரங்கள், தூரத்தில் ரியாம் பூங்காவுக்கு மேலே வெள்ளைவெளேரென்று பெரிய சாம்பிராணித் தூபக்கால் வடிவக் கட்டடம். எங்களுக்குப் புதிய இடமே அல்ல. ஆனால் அவள் பார்க்க நினைத்தது வேறு. ரியாமிலிருந்து மலை மேலே ஒரு பழைய நடைபாதை மத்ராவுக்கு வருகிறது. சாலை வருமுன் மக்கள் நடந்த வழி. 1970-ல் சுல்தான் காபூஸ் பட்டத்துக்கு வந்தபோது நாடு முழுவதும் பத்துக் கிலோமீட்டர் தார்ச்சாலைதான் இருந்தது என்பார்கள். அப்பாவும் பிள்ளைகளும் விடியற்காலையில் அந்த வழியே நடந்தார்கள். நான் முழங்காலோடு கீழே காத்திருந்தேன். மே மாதத்தில் ஏழு மணிக்குள் இறங்கிவிடணும், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கையில் இருக்கணும். இறங்கி வந்தவர்களுக்கு உப்புப் போட்ட லபன், அதாவது அந்த ஊர் மோர், வாங்கி வைத்திருந்தேன். வெயிலுக்கு அதைவிட நல்லது கிடையாது. அவளுக்கோ பரோட்டாவுக்குள் சீஸைத் தடவி ‘சிப்ஸ் ஓமன்’ பாக்கெட்டை நொறுக்கிப் போட்டுச் சுருட்டித் தருவார்களே, அதுதான் வேண்டும். உடம்புக்கு ஆகாததுதான். அன்றைக்கு இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.

மத்ரா சந்துக் கடைகளில் சாம்பிராணியும் வெள்ளிச் சாமானும் தவிர எனக்கு ஆக வேண்டியது அல்வா. எங்கள் பக்கம் முதலூரில் தேங்காய்ப் பாலில் கிண்டுகிற அல்வாவுக்கு மஸ்கோத் அல்வா என்று பெயர். மஸ்கட் பெயர்தான் அப்படி மருவியது என்பார்கள். அதனால் மஸ்கட்டில் கிண்டுகிற அல்வாவைக் கண்ணால் பார்க்காமல் போகிறதில்லை என்று இருந்தேன். பெரிய செம்புக் கொப்பரையில் சர்க்கரை, மாவுச்சத்து, நெய், குங்குமப்பூ, ஏலம், பன்னீர். நீளத் துடுப்பால் இரண்டு மணி நேரத்துக்குமேல் விடாமல் கிண்டுகிறார்கள். தேங்காய்ப் பால் சொட்டுக் கிடையாது. வழுவழுவென்று கரண்டியில் எடுத்துச் சாப்பிடுகிற பதம். நம்முடையது கையில் எடுத்தால் துண்டாக நிற்கும். என் நாக்குக்கு முதலூர்தான். ஆனால் முதலூர் அல்வாவைச் சாப்பிட்ட பெரியவள், “இதுல பன்னீர் வாசனையே இல்லையேம்மா” என்கிறாள். அவளுக்கு மஸ்கட் அல்வா அதுதான்.

சலாலா போகவில்லை. ஆயிரம் கிலோமீட்டர். தென்னையும் வாழையுமாக நம் ஊர் போலவே இருக்குமாம். ஆனால் ஜூன் கடைசியில் சாரல் தொடங்கினால்தான் அதற்கு அழகு. எங்களுக்கு மே மாதத்தோடு சரி. ஒட்டகமும் நிஸ்வா சாலையில் குறுக்கே போனதைப் பார்த்ததோடு முடிந்தது.

கடைசி வெள்ளி, மே 24. காரை முதல் நாளே விற்றாகிவிட்டது. டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் காவலுக்கு நின்றவர் யாரைப் பார்க்கணும் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றதும் ஒரு மாதிரிப் பார்த்தார். பெரியவள் முன்னால் போய், பள்ளிக்கூடத்தில் படித்த அரபியில், நான் இங்கே பிறந்தேன், அடுத்த வாரம் போகிறேன் என்று சொன்னாள். எந்த வருஷம் என்று கேட்டார். சொன்னாள். போட்டோ எடுக்காதே, ஐந்து நிமிஷம் என்று சொல்லி அவளை மட்டும் உள்ளே விட்டார். நாங்கள் வேப்ப மர நிழலில் நின்றோம்.

வந்தாள். “என்ன இருந்தது?” என்றேன்.

“ஒண்ணும் இல்லம்மா. ஏசி, ஃபினாயில் வாசனை. ஒரு பாப்பா அழுதுது.”

அங்கிருந்து ரூவிக்குப் போய் சூட்கேஸுக்கு மூன்று பூட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.